ஓவனுக்குள் "டமார்" என்று துள்ளாத ட்ரே: எதைப் பார்த்து வாங்குவது?

கோணல்தட்டு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஓவன் வாங்கி நான்கு வருடம் ஆகிறது. அதற்குள் மூன்று ட்ரேக்களை ஒழித்துவிட்டேன்.

முதலாவது ஓவனோடு வந்தது, கறுப்பு எனாமல். ஒரு நாள் கழுவும்போது கைநழுவி விழுந்து மூலையில் சில்லு பெயர்ந்தது. அந்த இடத்தில் இப்போது துரு. இரண்டாவது மெல்லிய நான்ஸ்டிக். வருடம் திரும்புவதற்குள் பூச்சு செதில் செதிலாக உரிய ஆரம்பித்தது. மூன்றாவதுதான் என்னை இங்கே எழுத வைத்தது.

போன ஞாயிறு உருளைக்கிழங்கை எண்ணெயில் பிரட்டி அதில் பரப்பி, 220 டிகிரியில் வைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போனேன். பத்து நிமிடம் இருக்கும், உள்ளே "டமார்" என்று ஒரு சத்தம். ஓவன் கண்ணாடிதான் வெடித்துவிட்டது என்று ஓடிவந்தேன். பார்த்தால் ட்ரேயின் ஒரு மூலை மட்டும் மேலே தூக்கிக்கொண்டு நிற்கிறது. எண்ணெய் முழுக்க எதிர் மூலையில் குளம் கட்டி, அந்தப் பக்கத்துக் கிழங்கெல்லாம் அதில் மூழ்கிக் கருகுகிறது. இந்தப் பக்கம் வெளுத்து வறண்டு கிடக்கிறது. இதில் வேடிக்கை என்னவென்றால், ஆறின பிறகு எடுத்துத் தரையில் வைத்தால் ட்ரே ஒன்றுமே நடக்காதது போல் சமமாக உட்கார்ந்திருக்கிறது!

நான்காவது முறையும் ஏமாறத் தயாரில்லை. எனக்கு வேண்டியது இரண்டு. பிஸ்கட், காய்கறிக்கு ஒரு தட்டையான ட்ரே. முழுக் கோழி வைக்க, கொஞ்சம் ஆழமான ரோஸ்டிங் டின் ஒன்று. கடையில் எல்லாமே பளபளவென்றுதான் இருக்கின்றன. "கனமானது", "புரொஃபஷனல்" என்றெல்லாம் எல்லா அட்டையிலும் எழுதியிருக்கிறார்கள். கையில் எடுத்து எதைப் பார்க்க வேண்டும்? அதை மட்டும் யாராவது சொல்லுங்கள்.

---

அவசரக்குடுக்கை எழுதியது:

எதை வாங்கினாலும் மேலே பேக்கிங் பேப்பர் போட்டுவிட்டால் எல்லாம் ஒன்றுதான். நான் இருப்பதிலேயே மலிவானதை வாங்குவேன், கெட்டால் தூக்கிப் போடுவேன். இதற்குப் போய் இவ்வளவு யோசனையா?

---

பழையதகடு எழுதியது:

அவசரக்குடுக்கை, உங்கள் பெயருக்கு ஏற்ற பதில். பேப்பர் ஒட்டுவதைத் தடுக்கும். தகடு முறுக்கிக்கொள்வதைத் தடுக்காது.

கோணல்தட்டு, நீங்கள் தம்பியா தங்கையா என்று தெரியவில்லை, பொதுவாகவே சொல்கிறேன். நான் சமையலில் பெரிய ஆள் இல்லை. ஆனால் இருபத்தாறு வருடம் தகடு வெட்டி, வளைத்து, மடித்துப் பிழைத்தவன். அதனால் ட்ரேயைப் பார்த்தால் எனக்குப் பூச்சு கண்ணில் படாது, தகடுதான் தெரியும். நீங்களும் அப்படியே பாருங்கள். பூச்சு என்பது செருப்பின் அடித்தோல் மாதிரி, தேயத்தான் செய்யும். தகடு நன்றாக இருந்தால் பூச்சு போன பிறகும் பேப்பர் போட்டு ஓட்டலாம். தகடே சரியில்லை என்றால் மேலே எந்தப் பூச்சு இருந்து என்ன பயன்?

முதலில் அந்தச் சத்தம். கிழங்கு இருந்த இடம் ஈரம், குளிர்ச்சி. காலியாக இருந்த இடம் சட்டென்று சூடேறியிருக்கும். சூடான பகுதி நீளப் பார்க்கும், குளிர்ந்த பகுதி விடாது. 40 செ.மீ. இரும்புத் தகடு 200 டிகிரி சூடு ஏறினால் ஏறக்குறைய 1 மி.மீ. நீளும். அலுமினியமாக இருந்தால் 2 மி.மீ. பக்கம். இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் நாலு பக்கமும் விளிம்பு மடித்து இறுக்கிய தகட்டுக்கு அந்த ஒரு மில்லிமீட்டர் போக இடம் கிடையாது. பக்கவாட்டில் போக வழியில்லாதது மேலே போகும். அதுவும் மெல்லப் போகாது; தாங்கும் வரை தாங்கிவிட்டு ஒரே துள்ளாகத் துள்ளும். எல்லா இடமும் ஒரே சூட்டுக்கு வந்தாலோ ஆறினாலோ பழையபடி படிந்துவிடும். உங்களுடையது படிந்துவிட்டதால் அது இன்னும் சாகவில்லை. ஆறின பிறகும் ஆடினால்தான் கதை முடிந்தது.

இதற்கு மருந்து இரண்டு. ஒன்று தடிமன். தகட்டின் தடிமனை இரண்டு மடங்காக்கினால் அது வளையாமல் நிற்கும் பலம் இரண்டு மடங்கு இல்லை, எட்டு மடங்கு கூடும். அரை மில்லிமீட்டருக்கும் ஒரு மில்லிமீட்டருக்கும் உள்ள வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. ஓவனுக்குள் நன்றாகத் தெரியும். அட்டையில் கேஜ் என்று ஒரு எண் போட்டிருந்தால் ஏமாறாதீர்கள், எண் ஏற ஏற தகடு மெலியும். அலுமினியத்தில் 18 கேஜ் என்றால் சுமார் 1 மி.மீ. அது நல்ல தகடு. 24, 26 என்று போட்டிருந்தால் வந்த வழியே திரும்புங்கள்.

இரண்டாவது விளிம்பு. வெட்டிய ஓரத்தை அப்படியே விட்டிருந்தால் வேண்டாம். வெளிப்பக்கம் சுருட்டி உருட்டியிருக்க வேண்டும். நல்ல ட்ரேயில் அந்தச் சுருளுக்குள் ஓர் இரும்புக் கம்பியும் இருக்கும். மெலிந்த தகட்டைக்கூட அந்தக் கம்பி பிடித்து நிறுத்தும். ஆனால் கழுவின தண்ணீர் சுருளுக்குள் தங்கினால் கம்பி துருப்பிடித்து, பழுப்புத் தண்ணீர் கசியும். கழுவியதும் சாய்த்து வைத்து வடிய விடுங்கள், அல்லது இன்னும் சூடு மிச்சமிருக்கிற ஓவனுக்குள் ஐந்து நிமிடம் வையுங்கள்.

கடையில் செய்ய வேண்டியது: எதிரெதிர் மூலை இரண்டையும் இரண்டு கையால் பிடித்து, துணி பிழிவது போல் முறுக்குங்கள். நல்லது அசையாது. மட்டமானது கையிலேயே "களக்" என்று சத்தம் போட்டுக் காட்டிக்கொடுக்கும். அப்புறம் சமமான மேசையில் வைத்து ஒவ்வொரு மூலையாக விரலால் அழுத்துங்கள். புதிதாக இருக்கும்போதே ஆடுகிற ட்ரே, சூட்டில் திருந்தப் போவதில்லை. கடைசியாக உள் மூலையைப் பாருங்கள். தகட்டை மடித்துச் சேர்த்த மூலையில் எண்ணெய் புகுந்து கரியாகிவிடும், எந்த நாரும் உள்ளே போகாது. ஒரே தகட்டை அழுத்தி எடுத்த, வளைவான மூலை என்றால் விரலாலேயே வழித்துக் கழுவலாம். கடைக்காரர் முறைப்பார். முறைக்கட்டும்.

---

மாவுக்கை எழுதியது:

பழையதகடு அண்ணா சொன்ன கம்பி விஷயம் அத்தனையும் உண்மை. எங்கள் பேக்கரியில் துரு கசிந்த ட்ரே ஒன்று இருந்தது. அதன் மேல் காயவைத்த வெள்ளைத் துணி எல்லாவற்றிலும் பழுப்புக் கோடு விழுந்தது.

நான் நிறத்தைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் "அடி கருகிவிட்டது, மேலே வேகவில்லை" என்று கேட்பவர்களில் பாதிப் பேருக்கு அதுதான் காரணம். கறுப்பு ட்ரே ஓவன் சுவரிலிருந்து வரும் அனலை அப்படியே குடிக்கும். பளபளப்பான அலுமினியம் அதில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். அதனால் அதே பிஸ்கட், அதே சூடு, அதே நேரம். கறுப்பு ட்ரேயில் அடி சீக்கிரம் சிவந்துவிடும். கறுப்புதான் கையில் இருக்கிறது என்றால் 15 டிகிரி குறைத்து வையுங்கள், சில நிமிடம் முன்னதாகவே எட்டிப் பாருங்கள். காய்கறிக்கு மட்டும் எனக்குக் கறுப்புதான் பிடிக்கும். அங்கே அடி சிவப்பதுதானே வேண்டும்!

எங்கள் வேலைக்கு வெறும் அலுமினியம், பூச்சே இல்லாதது. சாதாரண இரும்பைவிட மூன்று நான்கு மடங்கும், எவர்சில்வரைவிடப் பத்து மடங்குக்கு மேலும் சூட்டைக் கடத்தும். ஒரு மூலையில் அனல் கூடினால் உடனே பக்கத்துக்குப் பகிர்ந்துவிடும். ஒற்றைத் தகடு எவர்சில்வரில் அது நடக்காது, திட்டுத் திட்டாகத்தான் சிவக்கும். எவர்சில்வர் ட்ரே பார்க்க அழகு, துரு கிடையாது, எதைப் போட்டும் தேய்க்கலாம். பிஸ்கட்டுக்கு மட்டும் வேண்டாம்.

அலுமினியத்துக்கும் குறை உண்டு. தக்காளி, எலுமிச்சை மாதிரி புளிப்பானதை நேரடியாக அதில் வைத்தால் அரிக்கும், சாம்பல் நிறம் ஏறும். டிஷ்வாஷரில் போட்டால் கறுத்துவிடும். அந்தச் சோப்பில் உள்ள காரம் செய்யும் வேலை. கரி நீக்கும் ஓவன் கிளீனரில் காஸ்டிக் சோடா இருந்தால் அலுமினியத்தின் பக்கமே கொண்டுபோகாதீர்கள், தகட்டையே கரைத்துவிடும். என் கூட வேலை பார்த்த ஒருவர் நல்லெண்ணத்தில் ஒரு இரவு முழுக்க ஊறவைத்தார். காலையில் ட்ரே முழுக்க அம்மைத் தழும்பு.

நாளாக ஆக மேலே தேன் நிறத்தில் ஒரு படலம் படியும். அதைப் பார்த்துப் பதறி, தோள் வலிக்கத் தேய்க்காதீர்கள். அது சூட்டில் இறுகிப்போன எண்ணெய். இரும்புச் சட்டியைப் பழக்கும்போது ஏறுகிற அதே படலம்தான். பிசுபிசுப்பு இல்லாமல் வழவழப்பாக இருந்தால் விட்டுவிடுங்கள்.

இரட்டைத் தகடு வைத்து, நடுவே காற்று அடைத்த ட்ரே என்று ஒன்றும் விற்கிறார்கள். அதில் அடி கருகவே கருகாது. ஒழுங்காகச் சிவக்கவும் சிவக்காது. எனக்குப் பிடிக்கவில்லை.

---

கோணல்தட்டு எழுதியது:

மிக்க நன்றி. அண்ணா, நான் தங்கைதான். உடனே போய் என் மூன்றாவது ட்ரேயை முறுக்கிப் பார்த்தேன். முறுக்கவே தேவையில்லை, தூக்கியதுமே வளைகிறது. 😄

அளவு? பெரிதாக வாங்கினால் ஒரே தடவையில் நிறைய வைக்கலாமே என்று நினைக்கிறேன். அப்புறம் ரோஸ்டிங் டின் பற்றி யாரும் சொல்லவில்லையே.

---

வாரக்கடைசி எழுதியது:

ரோஸ்டிங் டின்னில் நான் பட்டது நிறைய, எனவே நான் வருகிறேன்.

பெரிதாக வாங்கும் ஆசையை முதலில் அடக்குங்கள். ட்ரே ஓவனை அடைத்துக்கொண்டால் அனல் மேலேயும் கீழேயும் சுற்ற வழியில்லாமல் போகும். கீழே உள்ளது தீயும், மேலே உள்ளது வேகாது. நாலு பக்கமும் மூன்று, நான்கு செ.மீ. இடைவெளி விடுங்கள். வீட்டு ஓவனுக்கு 46 × 33 செ.மீ. அளவு பரவலாகக் கிடைக்கிறது, அதை ஹாஃப் ஷீட் என்பார்கள். சின்ன ஓவனுக்கு அதுவே பெரிது. 33 × 24 போதும். பேக்கரிக்காரர்கள் பயன்படுத்தும் 60 × 40 அளவைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்கிவந்து, கதவை மூட முடியாமல் நின்றவன் நான்.

ஓவனின் உள்ளளவை டேப்பால் அளந்து தாளில் எழுதி எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். அளக்கும்போது அகலம் எடுக்க வேண்டிய இடம் சுவருக்குச் சுவர் இல்லை, பக்கத்து ரன்னர்களுக்கு (ட்ரேயைத் தாங்க இரு பக்கச் சுவரிலும் இருக்கும் தண்டவாளங்களுக்கு) நடுவே. ட்ரேயில் கைப்பிடியின் வெளிமுனை வரை சேர்த்து அளக்க வேண்டும். அட்டையில் போடும் அளவில் சில சமயம் கைப்பிடி சேர்ந்திருக்காது.

டின்னின் ஆழம் 5 முதல் 7 செ.மீ. போதும். அதற்கு மேல் உயர்ந்த சுவர் இருந்தால் கோழியின் கீழ்ப்பாதிக்கு அனலே படாது. தன் ஆவியிலேயே வெந்து தோல் தொளதொளவென்று கிடக்கும். ரொம்பத் தாழ்வாக இருந்தால் கொழுப்பு தெறித்து ஓவன் முழுக்கப் புகை. கோழியைச் சுற்றி இரண்டு விரல் இடம் இருக்கிற டின் நல்லது. இடம் அதிகமானால் வடிகிற சாறு மெல்லிய படலமாகப் பரவி, கோழி வேகுமுன் கரியாகிவிடும். எனக்கு அந்தச் சாறுதான் உயிர், எனவே இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன்.

சாறு என்றதும் அடுத்த கேள்வி: டின்னை அப்படியே அடுப்பில் ஏற்றி குழம்பு கிளறுவீர்களா? ஆம் என்றால் அடியில் அலுமினியம் நடுவே வைத்த, கனமான எவர்சில்வர் வாங்குங்கள். அங்கே எவர்சில்வர்தான் ராஜா. ஒட்டிய சாற்றைச் சுரண்டினாலும் புளிப்பு ஊற்றினாலும் கவலை இல்லை. மெல்லிய நான்ஸ்டிக் டின்னை நேரடித் தீயில் வைக்கவே கூடாது. அடுப்பில் ஏற்ற மாட்டேன் என்றால் எனாமல் போதும். உங்கள் முதல் ட்ரேயில் சில்லு போனதற்காக எனாமலைக் கைவிட வேண்டாம். அது இரும்பின் மேல் 800 டிகிரி அளவில் உருக்கி ஒட்டிய கண்ணாடி. புளிப்பு அதை ஒன்றும் செய்யாது, டிஷ்வாஷரும் தாங்கும், எடையும் குறைவு. கண்ணாடிக்கு உள்ள இரண்டு பயம் மட்டும் அதற்கும் உண்டு: கீழே போடக் கூடாது, சூடாக இருக்கும்போது குளிர்ந்த தண்ணீர் ஊற்றக் கூடாது.

கைப்பிடி! இதை ஏன் யாரும் பேசுவதில்லை என்று தெரியவில்லை. கொதிக்கிற கொழுப்போடு மூன்று நான்கு கிலோவை, குனிந்த நிலையில், தடித்த கையுறை போட்டுத் தூக்கப் போகிறீர்கள். நிமிர்ந்து நிற்கும், ஆடாத, ரிவெட் அடித்த கைப்பிடி வேண்டும். மடங்குகிற கைப்பிடி எப்போதும் தப்பான நேரத்தில்தான் மடங்கும். என் மணிக்கட்டில் இருக்கும் கோடு அப்படி வந்ததுதான். கடையில் இருக்கும்போதே நான்கு விரலையும் உள்ளே நுழைத்துப் பாருங்கள், கையுறைக்கு இன்னும் ஒரு விரல் இடம் மிஞ்ச வேண்டும்.

---

இரண்டுகிளி எழுதியது:

நான்ஸ்டிக் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. டெஃப்லான் எனப்படும் பிடிஎஃப்இ பூச்சு 260 டிகிரி வரை தாங்கும். அதற்கு மேல் சிதையத் தொடங்கி, சூடு ஏற ஏற நச்சுப் புகை விடும். நமக்குக் காய்ச்சல் மாதிரி வந்து போகலாம், வீட்டுப் பறவைகள் செத்தே போகும். என்னிடம் இரண்டு கிளிகள் இருக்கின்றன, அதனால் என் சமையலறையில் அந்தப் பூச்சுக்கு இடமே இல்லை. மற்றவர்கள் 200 டிகிரியில் பிஸ்கட் சுடுவதற்குப் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் காலி ட்ரேயை உள்ளே வைத்து ஓவனைச் சூடாக்குவது, கிரில் கம்பிக்கு நேர் கீழே வைப்பது, இரண்டும் வேண்டாம்.

"செராமிக்" என்று போட்டிருப்பது பெரும்பாலும் மண்பாண்டம் இல்லை, உலோகத்தின் மேல் சிலிக்கா சார்ந்த பூச்சு. அதில் இந்தப் புகைத் தொல்லை இல்லை, ஆனால் ஒட்டாத குணம் சீக்கிரம் போய்விடும்.

அவசரக்குடுக்கைக்கு: பேக்கிங் பேப்பருக்கும் ஒரு வரம்பு உண்டு, பெரும்பாலும் 220 டிகிரி அளவில். பெட்டியைத் திருப்பிப் பாருங்கள்.

---

அவசரக்குடுக்கை எழுதியது:

பார்த்தேன். 220 தான். நான் 240-இல் வைத்துக்கொண்டிருந்தேன். ஓரம் ஏன் பொடிப்பொடியாக உதிர்கிறது என்று இப்போதுதான் தெரிகிறது.

---

கோணல்தட்டு எழுதியது:

இரண்டு வாரம் கழித்து வந்திருக்கிறேன், மன்னிக்கவும்.

ரன்னருக்கு நடுவே அளந்தால் அகலம் 42 செ.மீ. தான் வந்தது. நான் கண்ணால் பார்த்து 46 என்று நினைத்துக்கொண்டிருந்தேன்! எனவே ஹாஃப் ஷீட்டை அகலவாக்கில் வைக்க முடியாது. உள்நீளம் 40, நீளவாக்கில் திருப்பினாலும் கதவு மூடாது. 38 × 28 அளவில் வெறும் அலுமினியம் ஒன்று கிடைத்தது. விளிம்பில் கம்பி வைத்தது, மூலை வளைவானது. கடையில் ஏழு ட்ரேக்களை முறுக்கினேன். நான்கு "களக்" என்றன. நாலாவது சத்தத்தில் கடைக்காரர் எழுந்து வந்து, "என்னம்மா தேடுறீங்க?" என்றார். விஷயத்தைச் சொன்னதும் அவரே உள்ளே போய் இதை எடுத்து வந்தார். அதுவரை அது வெளியே வைக்கப்படவே இல்லை. பளபளப்பு குறைவாம், யாரும் எடுப்பதில்லையாம்.

டின்னுக்கு எனாமலே வாங்கினேன், 6 செ.மீ. ஆழம், நிமிர்ந்த கைப்பிடி. நான் அடுப்பில் ஏற்றுகிற ஆள் இல்லை.

நேற்று அதே உருளைக்கிழங்கு, அதே 220. இந்த முறை காலி இடம் விடாமல் ட்ரே முழுக்கப் பரப்பினேன். ஓவன் முன்னாலேயே உட்கார்ந்து காது கொடுத்துக் கேட்டேன். ஒரு சத்தம் இல்லை. ஒரு மூலையில் மட்டும் நிறம் கொஞ்சம் தூக்கல், அது என் ஓவனின் பின்பக்க விசிறி செய்கிற வேலை என்று நினைக்கிறேன். பாதியில் ஒருமுறை திருப்பி வைத்தால் சரியாகிவிடும்.

பழைய மூன்றையும் என்ன செய்வது?

---

பழையதகடு எழுதியது:

சந்தோஷம் தங்கச்சி. செடித்தொட்டிக்கு அடியில் வை. அங்கே சூடேறாது, துள்ளாது.